வேகம் கூட்டினால் லூர் ஆழம் போகுமா?

வட அமெரிக்காவின் ஈரி ஏரியில் வால்ஐ மீனுக்கு ட்ரோலிங் (ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துப் பிடிப்பது) போகிறவர்களுக்கு, "தடித்த தூண்டில் நரம்பு போட்டு, படகை வேகமாக விட்டால் லூர் (போலி இரை) ஆழத்துக்கு இறங்கும்" என்று ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். இரண்டுமே சரியில்லை.

முதலில் நரம்பு. தடிமன் கூடக்கூட தண்ணீர் அதைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்கும், லூர் மேலேயே நிற்கும். அதே நீளத்துக்கு நரம்பு விட்டால், மெல்லிய பிரெய்டில் (இழைகளைப் பின்னிச் செய்த நரம்பில்) கட்டிய லூர்தான் அதிக ஆழம் போகும். பிரெய்டு நீளாது என்பதால் ரீலின் டிராகை (மீன் இழுக்கும்போது நரம்பு ஓடாமல் பிடிக்கும் பிரேக்கை) கொஞ்சம் தளர்த்தி, வளைந்து கொடுக்கும் ராடு வையுங்கள். இல்லாவிட்டால் கடித்த மீனின் வாய் கிழிந்து கொக்கி கழன்றுவிடும்.

அப்புறம் வேகம். முன்னால் தகடு வைத்த லூர், சாதாரண ட்ரோலிங் வேகத்தில் ஏறக்குறைய ஒரே ஆழத்தில்தான் ஓடும். அளவு மீறினால் பக்கவாட்டில் புரண்டு மேலே வந்துவிடும். ஈயக்குண்டும் லெட்கோர் நரம்பும் (உள்ளே ஈயக்கம்பி வைத்தது) நேர்மாறு: வேகம் கூடினால் மேலே ஏறும், குறைந்தால் இறங்கும். லெட்கோரில் 10 கெஜத்துக்கு ஒருமுறை நரம்பின் நிறம் மாறும். மணிக்கு 2 மைல் வேகத்தில் ஒரு நிறத்துக்குச் சுமார் 5 அடி இறங்கும் என்பது பொதுக்கணக்கு.

நம்பிக்கை இல்லையென்றால் லெட்கோர் போட்டுப் படகை மெல்லத் திருப்பிப் பாருங்கள். உள்பக்க லூர் வேகம் குறைந்து இறங்கும், வெளிப்பக்கத்தது ஏறும். எந்தப் பக்க ராடில் மீன் கடிக்கிறதோ, அதை வைத்து வேகத்தை மாற்றுங்கள்.