நரம்புச் சிலந்தியும் பதினான்கு நாள் சேவையும்

என் கடைசித் தங்கையின் மகன் மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். போன வாரம் ஒரு வண்ண அட்டையோடு வீட்டுக்கு வந்தான். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு கிராமம், பதினான்கு நாள் தன்னார்வ மருத்துவ சேவை. கட்டணம், விமானச் சீட்டு எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சத்துக்குப் பக்கம் வருகிறதாம். "பாதி நீங்கள் தந்தால் மீதியை அம்மாவிடம் வாங்கிக்கொள்வேன் மாமா" என்றான். அட்டையைப் புரட்டிப் பார்த்தேன். ஊசி போடலாம், தையல் போடலாம், பிரசவ அறையில் நிற்கலாம், கடைசி இரண்டு நாள் காட்டுக்குப் போய்ச் சிங்கம் பார்க்கலாம்.

"இங்கே மதுரையில் யாருக்காவது தையல் போட்டிருக்கிறாயா?"

"இங்கே விடமாட்டார்களே மாமா."

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது. இங்கே விடாத வேலையை அங்கே விடுகிறார்கள் என்றால், அங்கே படுத்திருப்பவருக்கு "நீ யாரப்பா?" என்று கேட்க ஆள் இல்லை என்று அர்த்தம். அந்த வசதிக்குத்தான் இரண்டரை லட்சம்.

நான் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் சுகாதார ஆய்வாளராக இருந்து 2023இல் ஓய்வு பெற்றவன். மருத்துவன் அல்லன். குளோரின் வாளியும் பதிவேடுமாகத் திரிந்தவன். ஆகவே என் பார்வையில் ஒரு சாய்வு இருக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவனிடம் என் அப்பத்தாவின் கணுக்காலைப் பற்றிச் சொன்னேன். இராமநாதபுரம் பக்கம் எங்கள் ஊரில் குடிப்பதற்கு ஊருணித் தண்ணீர்தான். அப்பத்தாவின் இடது கணுக்காலுக்கு மேலே காசளவுக்குத் தோல் சுருங்கிய தழும்பு ஒன்று இருந்தது. நரம்புச் சிலந்தி வந்த இடம். பெயரைக் கேட்டு எட்டுக்கால் பூச்சி என்று நினைக்க வேண்டாம். அது ஒரு புழு. உலகம் கினிப்புழு என்று சொல்வது இதைத்தான்.

அது வரும் வழி விசித்திரமானது. தண்ணீரில் புள்ளி போல் நீந்தும் சைக்ளோப்ஸ் என்ற நுண்ணுயிரிக்குள் இதன் குஞ்சு இருக்கும். தண்ணீரோடு அதையும் குடித்துவிடுகிறோம். அதன்பின் ஏறக்குறைய ஓராண்டு எந்த அறிகுறியும் கிடையாது. உள்ளே பெண்புழு ஒரு மீட்டர் நீளம்வரை வளர்ந்து, பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே கொப்புளமாகக் கிளம்பி, தோலைத் துளைத்துக்கொண்டு தலைகாட்டும். நெருப்பாக எரியும். எரிச்சல் தாங்காமல் காலை ஊருணியில் வைத்தால் புழு இலட்சக்கணக்கில் குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். அடுத்த ஆண்டு ஊரே படுக்கும். புழுவை வெளியே எடுக்க ஒரே வழி, ஒரு குச்சியில் நாளுக்குச் சில சென்டிமீட்டராகச் சுற்றிச் சுற்றி இழுப்பதுதான். அவசரப்பட்டால் அறுந்து உள்ளே சீழ் வைக்கும். அப்பத்தா வேப்பங்குச்சியில் சுற்றிக்கொண்டு ஒரு மாதம் திண்ணையில் கிடந்தாராம். அது கதிர் அறுக்கிற மாதம். வலியைவிட அதைத்தான் அவர் அதிகமாகச் சொல்லுவார். மாலி நாட்டின் டோகோன் மக்கள் இந்த நோயைக் 'காலிக் குதிர் நோய்' என்று சொல்வதாகப் பின்னாளில் படித்தபோது, அப்பத்தாவே பேசியது போலிருந்தது.

இந்த நோய்க்கு மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது. ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வராது என்பதும் இல்லை. தையல் போடத் துடிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவனுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

ஆனாலும் ஒழிகிறது! 1986இல் இருபத்தொரு நாடுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 35 இலட்சம் பேருக்கு இந்நோய் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் மையம் அந்த ஆண்டுதான் இதைக் கையில் எடுத்தது. 2024இல் உலகம் முழுவதும் பதிவானவை 15 நோயாளிகள். சாட் நாட்டில் 9, தெற்குச் சூடானில் 6. நம் நாட்டில் கடைசி நோயாளி 1996இல் இராஜஸ்தானில். தமிழ்நாடு அதற்கு ஒரு பத்தாண்டுக்கு முன்பே கரையேறிவிட்டது.

எப்படி நடந்தது? நிதி தந்தவர்கள் இருந்தார்கள், அறிவியல் சொன்னவர்கள் இருந்தார்கள், 1995இல் சூடானில் நடந்துகொண்டிருந்த போரை ஏறத்தாழ ஆறு மாதம் நிறுத்திவைத்து, கிராமங்களுக்குள் ஆட்கள் போக வழி செய்த கார்ட்டரின் பேச்சுத்திறன் இருந்தது. இவற்றையெல்லாம் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நாள்தோறும் உழைத்தவர்கள் அந்தந்தக் கிராமத்துத் தன்னார்வலர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அவர்களில் உண்டு. தண்ணீரை நைலான் வலைத்துணியில் வடிகட்டிக் குடிக்கிறார்களா என்று வீடு வீடாகப் பார்ப்பது, மாடு மேய்க்கப் போகிறவர் கழுத்தில் வடிகட்டிக் குழல் தொங்குகிறதா என்று பார்ப்பது, யார் காலிலாவது கொப்புளம் கிளம்பினால் ஒரு நாளுக்குள் கண்டுபிடித்து அவரைக் குளத்துப் பக்கம் போகவிடாமல் வைத்துக்கொள்வது. இவ்வளவுதான் வேலை. இன்றைக்கும் நாளைக்கும் அதற்கடுத்த மழைக்காலத்துக்கும் இதே வேலை. சாட் நாட்டில் 2012 முதல் நாய்களிடமும் இந்தப் புழு தென்பட்டது. இப்போது கிராமத்தார் தங்கள் நாய்களை வாரக்கணக்கில் கட்டிப்போட்டுக் கவனிக்கிறார்கள். கட்டிப்போட்ட நாய்க்கு வேளாவேளைக்குத் தண்ணீர் வைப்பதும் ஒரு மருத்துவ சேவை என்று எந்த வண்ண அட்டையும் அச்சடிக்காது.

வெளியிலிருந்து போகிறவர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரத்திலிருந்து வந்த ஒரு சேவைக் குழுவோடு ஜவ்வாது மலையில் ஒரு கிராமத்துக்கு நானும் போயிருந்தேன். பள்ளிக்கூடத் திண்ணையில் முகாம். காலை பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் இருநூறு பேரைப் பார்த்துவிட்டோம். ஆளுக்கு ஒன்றரை நிமிடம்! இரத்த அழுத்தம் இருந்தவர்களுக்குப் பத்து நாள் மாத்திரை. கையிருப்பு அவ்வளவுதான். பதாகையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தோம். முன்வரிசையில் தொப்பி போட்டிருப்பவன் நான்தான்.

நான்கு மாதம் கழித்து வேறு வேலையாக அதே ஊருக்குப் போனேன். ஒரு பாட்டி என்னை அடையாளம் கண்டு வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, மாத்திரை தீர்ந்துபோன வெற்று அட்டையை எடுத்துக் காட்டினார். "இதைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன் சாமி. நீங்க குடுத்த மாத்திரையில தலைசுத்தல் நின்னுது." எட்டுக் கிலோமீட்டர் கீழே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அதே மாத்திரை அங்கே இலவசமாகக் கிடைக்கும். அதை அவருக்கு நாங்கள் யாரும் சொல்லவில்லை. அந்த நிலையத்துச் செவிலியரிடமும், இன்னாருக்கு இவ்வளவு இரத்த அழுத்தம் என்று ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கொடுக்கவில்லை. எங்களிடமே பட்டியல் இல்லை. எங்களிடம் இருந்தவை படங்கள்.

பாட்டி அந்த அட்டையை வீசாமல் நான்கு மாதம் முடிந்துவைத்திருந்தார். அதற்குப் பிறகு ஒருநாள் முகாம் எதற்கும் நான் போகவில்லை.

வந்து போகிறவர்களால் பயனே இல்லை என்று சொன்னால் அது பொய். கண்புரை அறுவை ஒரு நாளில் முடிகிற வேலை. பிளந்த உதட்டைச் சேர்த்துத் தைக்கும் வல்லுநர் ஒரு வாரம் வந்தாலும் பல குழந்தைகளின் முகம் மாறும். ஆனால் அவர்கள் இருபது ஆண்டு கை தேர்ந்தபின் போகிறவர்கள். அங்கே போய்க் கைபழகுகிறவர்கள் அல்லர்.

தங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள். தர்மபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கிக்கு 1993இல் வந்த மருத்துவத் தம்பதி ரெஜி, லலிதா. அப்போது அங்கே பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்துகொண்டிருந்தன. ஒரு குடிசையில் தொடங்கினார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களையே செவிலியராகப் பழக்கினார்கள். பிறகு வேளாண்மை, லம்பாடிப் பெண்களின் பூத்தையல் என்று வேலை விரிந்தது. குழந்தைகளின் சாவும் பெருமளவு குறைந்தது. இவர்களைத் தியாகிகள் என்று மாலை போட்டு ஒதுக்கிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. எனக்கு அவர்களிடம் பிடித்தது தியாகம் அல்ல. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வேலையைக் கற்றுக்கொடுத்ததுதான்.

தங்கை மகனிடம் இவ்வளவையும் சொன்னேனா? பாதிதான் சொன்னேன், அதற்குள் அவன் கைப்பேசி அடித்துவிட்டது. பணம் தருவதில்லை என்று சொல்லவில்லை. "அந்த நிறுவனத்துக்கு ஒரு கேள்வி அனுப்பு. நீங்கள் கிளம்பிய பிறகு, பதினைந்தாம் நாள் அந்தக் கிராமத்தில் யார் இருப்பார்கள்? பதில் வரட்டும், பிறகு பேசுவோம்" என்றேன். அன்று இரவே தங்கை தொலைபேசியில் வந்தாள். "நல்லது செய்யப் போகிற பிள்ளையிடம் வக்கீல் மாதிரி குறுக்குவிசாரணை செய்கிறாயே அண்ணா!"

நேற்று அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "பதில் அனுப்பிவிட்டார்கள் மாமா. பதினைந்தாம் நாள் அடுத்த குழு வந்துவிடுமாம்."