அழற்சிப் புரதம் எல்லாமே எதிரி இல்லை

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பது உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய். இதில் அழற்சிப் புரதங்களைத் (அழற்சியைத் தூண்ட உடம்பு சுரக்கும் புரதங்கள்) தடுத்தாலே போதும் என்று இந்த நோய் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை முடிகிறது. அப்படிச் சொல்லிவிட முடியாது. மூட்டுவாதத்துக்கு நன்றாக வேலை செய்யும் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தின் தடுப்பு மருந்து, இந்த நோயில் தாக்குதலைக் கூட்டியது. இன்டர்ஃபெரான் என்ற எதிர்ப்பு சக்திப் புரதங்களில் காமா வகையை மருந்தாகக் கொடுத்தபோது அதுவும் கூட்டியது. அதே குடும்பத்துப் பீட்டாவோ 1993 முதல் மருந்தாகவே இருக்கிறது.

அப்புறம் வெயில். என் தங்கைக்கு இந்த நோய். சேலம் அம்மாபேட்டையில் சித்திரை மதியம் மாடிப்படி ஏறினால் வலது கண் மங்கும், கால் துவளும். ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனால் 20 கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் பார்வை தெளிந்துவிடும். அது புது அழற்சி இல்லை. மேலே சுற்றியிருக்கும் மயலின் உறை தேய்ந்த நரம்பு சூட்டில் சரியாகக் கடத்தாததுதான். இது தெரியாமல் இரண்டு கோடை பயந்தே கழித்தோம். உடம்பு குளிர்ந்த பிறகும் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் நரம்பியல் மருத்துவரிடம் உடனே போய்விடுங்கள்.