அரிதான ரெக்கார்டு வேறு, கேட்கப்படாத ரெக்கார்டு வேறு

முப்பது வருடத்துக்கும் மேலாக ஜாஸ் இசைத்தட்டுகள் சேர்த்து வருகிறேன். அலமாரியைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இதிலேயே ரொம்ப அரிதானது எது?" அதிகம் பேர் கேட்காமலே விட்டுவிட்ட நல்ல ரெக்கார்டு எது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கிறார்கள். ஒன்றே இல்லை. ரொம்ப நாளாக மனதில் கிடந்த விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ப்ளூ நோட் என்ற அமெரிக்க ஜாஸ் கம்பெனியின் பழைய ரெக்கார்டு கைக்கு வந்தால் சேகரிப்பவர்களின் கண் முதலில் எங்கே போகும் தெரியுமா? பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு இடையில் இருக்கும் வெற்று வளையத்துக்கு. ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் பெயரெழுத்துகள் அங்கே கீறப்பட்டிருக்கின்றனவா, பிளாஸ்டிலைட் தொழிற்சாலையின் காது மாதிரியான குறி இருக்கிறதா, லேபிளில் எந்தத் தெரு முகவரி அச்சாகியிருக்கிறது என்றெல்லாம் பார்ப்போம். நானும் பார்ப்பேன், அதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் காதுக் குறி, தட்டு எங்கே அச்சானது என்பதை மட்டும்தான் சொல்லும். உள்ளே இருக்கும் வாசிப்பைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆயிரம் பேர் தேடி அலைவதால்தான் ஒரு ரெக்கார்டு அரிதாகிறது. ஆயிரம் பேர் தேடுவதைக் கவனிக்கப்படாதது என்று எப்படிச் சொல்வது?

கேட்கப்படாத ரெக்கார்டின் நிலைமை வேறு. அது மறுவெளியீடாகக் கிடைக்கும், இணையத்திலும் இருக்கும். இருந்தும் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

ஜாஸுக்குப் புதிதாக வருகிறவர் கையில் எல்லாரும் கொடுப்பது 1959-ஆம் வருடத்து ரெக்கார்டுகள் நாலைந்தைத்தான். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்', சார்லஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ உம்', ஆர்னெட் கோல்மனின் 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்'. நானும் அந்த வாசல் வழியாக வந்தவன்தான், அவற்றில் ஒன்றைக்கூடக் குறை சொல்ல மாட்டேன். என் வருத்தம், பலர் அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள் என்பதுதான். அதே 1959 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் டெனர் சாக்ஸபோன்காரர் ஹரோல்ட் லாண்ட் 'தி ஃபாக்ஸ்' என்ற ரெக்கார்டைப் பதிவு செய்தார். ஹைஃபை ஜாஸ் என்ற சின்ன லேபிளில், அதாவது சின்ன ரெக்கார்டு கம்பெனியில் வந்தது, வந்த வேகத்திலேயே காணாமல் போனது. கான்டெம்பரரி கம்பெனி 1969-இல் மறுபடி வெளியிட்ட பிறகுதான் கொஞ்சம் பேர் காதில் விழுந்தது.

அதன் தலைப்புப் பாடலை மட்டும் போட்டுப் பாருங்கள். மூச்சு முட்டுகிற வேகம். அந்த வேகத்தில் டுப்ரீ போல்டன் என்பவர் டிரம்பெட்டை எடுத்து ஊதுவார். ஒரு ஸ்வரம்கூட மங்காமல், ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செதுக்கி வைத்தது மாதிரி வரும். யார் இந்த ஆள் என்று அட்டையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றும். திருப்பினாலும் பெரிதாக எதுவும் கிடைக்காது. போல்டன் இதற்குப் பிறகு ஊதியதில் சொல்லிக்கொள்ளும்படி இருப்பது 1963-இல் சாக்ஸபோன்காரர் கர்டிஸ் ஏமியோடு செய்த 'கட்டாங்கா'தான். சிறை, போதை என்று வாழ்க்கை போய்விட்டது. 'தி ஃபாக்ஸ்' ரெக்கார்டின் ஆறு பாடல்களில் நான்கை எழுதியவர் பியானோ வாசித்த எல்மோ ஹோப். அவர் ஏன் நியூயார்க்கை விட்டு அவ்வளவு தூரம் வந்தார் என்பதில்தான் இந்தக் கதையின் பாதி இருக்கிறது.

அந்தக் காலத்து நியூயார்க்கில், மது விற்கும் இடத்தில் வாசிக்க வேண்டுமென்றால் போலீஸ் கொடுக்கும் கேபரே அட்டை வேண்டும். போதைப்பொருள் வழக்கு ஒன்று வந்தால் அட்டை பறிபோகும். அட்டை போனால் கிளப் வேலை போச்சு. கிளப்பில் வாசிக்காத ஆளின் ரெக்கார்டை யார் வாங்குவார்கள்? பியானோக்காரர் தெலோனியஸ் மாங்க் 1951-இல் அட்டையை இழந்து ஆறு வருடம் தவித்தார், ஆனாலும் பிழைத்து மேலே வந்தார். அதே மாதிரி அட்டையை இழந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்த எல்மோ ஹோப்பால் அது முடியவில்லை. 1967-இல் 43 வயதில் இறந்தார். கேபரே அட்டை முறையை ஒழித்ததும் அதே 1967-இல்தான். நல்ல இசை எப்படியும் ஒருநாள் கவனம் பெறும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். ரெக்கார்டுகள் தானாக மறக்கப்படுவதில்லை. ஒரு சட்டமோ, நோயோ, கம்பெனி மூடுவதோ, கிடங்கில் தீப்பிடிப்பதோ குறுக்கே வந்து நிற்கிறது.

நோய் என்றதும் புக்கர் லிட்டில் ஞாபகம் வருகிறார். மெம்பிஸ்காரர், டிரம்பெட். 1938-இல் பிறந்து 1961 அக்டோபரில் சிறுநீரகம் கெட்டுப்போய் இறந்தார். வயது 23. ஆறேழு மாதம் முன்னால், மார்ச்சிலும் ஏப்ரலிலும், கேண்டிட் லேபிளுக்காக 'அவுட் ஃப்ரண்ட்' பதிவானது. எரிக் டால்ஃபி, ஜூலியன் பிரீஸ்டர், டான் ஃப்ரீட்மன், டிரம்ஸ் வாசித்த மாக்ஸ் ரோச் என்று கூட இருந்தவர்கள் யாரும் சாதாரணமானவர்கள் இல்லை. பாடல்கள் எல்லாம் லிட்டில் எழுதியவை. கேண்டிட் 1960-இல் தொடங்கி சீக்கிரமே படுத்துவிட்டது. இசைக்காரர் இல்லை, கம்பெனியும் இல்லை, அந்த ரெக்கார்டைத் தூக்கிக்கொண்டு யார் ஊர் ஊராகப் போவது? அவர் பெயர் தெரிந்தவர்களும் பெரும்பாலும் டால்ஃபியோடு ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் வாசித்த நேரடிப் பதிவை வைத்துத்தான் அறிந்திருப்பார்கள். அது அருமையான ரெக்கார்டு, மறுக்கவில்லை. ஆனால் லிட்டில் என்ன யோசித்துக்கொண்டிருந்தார் என்பது 'அவுட் ஃப்ரண்ட்'டில்தான் இருக்கிறது.

முதல் தடவை கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. டிரம்பெட், ஆல்டோ சாக்ஸபோன், டிராம்போன் மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களில் உரசிக்கொண்டு நிற்கும். தப்பாக வாசிக்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். சில மாதம் கழித்து ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேட்டேன். 'மேன் ஆஃப் வேர்ட்ஸ்' வந்தது. அதில் மற்றவர்கள் பின்னால் நின்று மெதுவாக இழுத்துக்கொண்டே இருப்பார்கள். டிரம்பெட் மட்டும் தயங்கித் தயங்கிப் பேசத் தொடங்கும், நிறுத்தும், மறுபடி தொடங்கும், கடைசியில் வார்த்தை கிடைத்துவிட்டது போல உயர எழும். அந்த உரசல் தவறு இல்லை, வேண்டுமென்றே வைத்தது என்று அப்போதுதான் புரிந்தது. மூன்று வாத்தியம் ஆறு வாத்தியம் போலக் கேட்பதும் அந்த உரசலால்தான். மாக்ஸ் ரோச் சில இடங்களில் டிம்பனியும் வைப்ரஃபோனும் வாசிப்பார். அதையும் காது கொடுத்துக் கேளுங்கள்.

சரி, டீனா புரூக்ஸுக்கு வருகிறேன். பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைக்க வேண்டாம், ஆள் பொடிசாக இருந்ததால் சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். டெனர் சாக்ஸபோன். 1960 ஜூன் 19 அன்று டிரம்பெட்காரர் ஃப்ரெடி ஹப்பர்ட் தன் முதல் ரெக்கார்டான 'ஓப்பன் செசமி'யைப் பதிவு செய்தார். தலைப்புப் பாடலை எழுதியவரே புரூக்ஸ்தான். ஆறே நாளில், ஜூன் 25 அன்று, ஹப்பர்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புரூக்ஸ் 'ட்ரூ ப்ளூ' செய்தார். ஹப்பர்ட் எங்கே போனார் என்று ஜாஸ் உலகத்துக்கே தெரியும். புரூக்ஸ் 1961-க்குப் பிறகு ரெக்கார்டே செய்யவில்லை. 1974-இல், 42 வயதில் இறந்தார். அவர் பெயரில் ப்ளூ நோட் பதிவு செய்தது நான்கு, அவர் உயிரோடு இருக்கும்போது வெளிவந்தது ஒன்று. 'பேக் டு தி ட்ராக்ஸ்' என்ற ரெக்கார்டுக்கு அட்டைப்படம் தயார், வரிசை எண்ணும் கொடுத்தாகிவிட்டது, ஆனால் தட்டு வரவில்லை. 1985-இல் மொசைக் நிறுவனம் எல்லாவற்றையும் சேர்த்துப் பெட்டியாக வெளியிட்ட பிறகுதான் உலகம் கேட்டது.

'ட்ரூ ப்ளூ' விஷயத்தில் எனக்கே ஒரு அடி விழுந்தது. பல வருடம் தேடி முதல் பதிப்பு ஒன்றை வாங்கினேன். "கிட்டத்தட்டப் புதுசு" என்று விற்றவர் சத்தியம் செய்தார். பார்க்கவும் அப்படித்தான் இருந்தது, ஒரு கீறல் இல்லை, கண்ணாடி போலப் பளபளப்பு. ஊசியை வைத்தேன். மெதுவான இடங்கள் சரியாக இருந்தன. புரூக்ஸ் உரக்க ஊதும்போதெல்லாம் ஓரத்தில் உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பது போல ஒரு கரகரப்பு. பக்கத்தின் கடைசிப் பாட்டில் இன்னும் மோசம். பழைய காலத்துக் கனமான ஊசி வரிப்பள்ளத்தின் சுவரையே தின்றிருந்தது. அது கண்ணுக்குத் தெரியாது, கழுவினாலும் போகாது. பிறகு வந்த மறுவெளியீட்டில்தான் 'தீம் ஃபார் டோரிஸ்' பாடலில் அவருடைய மூச்சு எங்கே முடிகிறது, அடுத்த வரி எங்கே தொடங்குகிறது என்று முழுசாகக் கேட்டேன். அந்தச் சாக்ஸபோனில் ஒரு தனி ஏக்கம் உண்டு. சோகம் என்று சொன்னால் கொஞ்சம் அதிகமாகிவிடும். அன்றிலிருந்து முதல் பதிப்பில் கேட்டால்தான் கேட்டது என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்வதில்லை. மறுவெளியீடுகளை வாங்குங்கள், கேளுங்கள்.

டோரதி ஆஷ்பி விஷயம் வேறு மாதிரி. அவர் பெயர் தெரியாத பலர் அவர் வாசிப்பைக் கேட்டிருப்பார்கள். 1976-இல் ஸ்டீவி வொண்டர் பாடிய 'இஃப் இட்ஸ் மேஜிக்'கில் குரலோடு கூட வரும் ஹார்ப் அவருடையது. ஹார்ப் என்றாலே சொர்க்கக் காட்சிக்குப் பின்னணியாக நெளிந்து போகும் ஒலி என்று மனதில் பதிந்துவிட்டது. கச்சேரி ஹார்ப்பில் 47 தந்திகள், காலடியில் 7 பெடல்கள், ஒவ்வொரு பெடலுக்கும் மூன்று நிலைகள். பியானோவில் கறுப்புக் கட்டை தயாராக இருக்கும், இங்கே ஒவ்வொரு அரைச் ஸ்வரத்துக்கும் காலால் பெடலை மாற்ற வேண்டும். பீபாப் என்பதோ அரைச் ஸ்வரங்களிலேயே ஓடுகிற வேகமான ஜாஸ் பாணி. 1958-இல் ஃப்ராங்க் வெஸ்ஸின் புல்லாங்குழலோடு அவர் செய்த 'ஹிப் ஹார்ப்'பைக் கேட்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கை எவ்வளவு வேலை செய்கிறதோ அவ்வளவு வேலை கண்ணுக்குத் தெரியாமல் கால் செய்கிறது. இப்போதெல்லாம் அவருடைய 1968-ஆம் வருடத்து 'ஆஃப்ரோ-ஹார்ப்பிங்' கொஞ்சம் பிரபலமாகியிருக்கிறது, சந்தோஷம். அதோடு நின்றுவிடாமல் பத்து வருடம் பின்னால் போய்ப் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

பியானோக்காரர் ஹெர்பி நிக்கல்ஸைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே சுருக்கமாக. 1955, 1956-இல் ப்ளூ நோட்டுக்காக மூவர் குழுவாகப் பதிவு செய்தார். டிரம்ஸில் ஆர்ட் பிளேக்கி, பிறகு மாக்ஸ் ரோச். பாடகி பில்லி ஹாலிடே வரிகள் போட்டுப் பாடிய 'லேடி சிங்ஸ் த ப்ளூஸ்' மெட்டு இவருடையது. அப்படியிருந்தும் பிழைப்புக்கு டிக்ஸிலாண்ட் என்ற பழைய பாணி ஜாஸ் குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்தார். 1963-இல் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டார். சாக்ஸபோன்காரர் கிளிஃபர்ட் ஜோர்டனின் 'கிளாஸ் பீட் கேம்ஸ்' கேட்கப்படாத இன்னொரு ரெக்கார்டு. டிரம்பெட்காரர் சார்ல்ஸ் டாலிவரும் பியானோக்காரர் ஸ்டான்லி கவெலும் 1971-இல் தொடங்கிய ஸ்ட்ராட்டா-ஈஸ்ட் லேபிளில் வந்தது. பதிவின் உரிமை வாசித்தவர் கையிலேயே இருக்கட்டும் என்று நடத்திய லேபிள் அது. பெரிய கம்பெனிகளுக்கு இருந்த விநியோக பலம் அதற்கு இல்லை.

ஒன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். "தொலைந்துபோன பொக்கிஷம்" என்று ஸ்டிக்கர் ஒட்டி வருவதெல்லாம் பொக்கிஷம் இல்லை. அந்தக் காலத்தில் கிடப்பில் போட்டதில் கணிசமானவை சரியாகவே கிடப்பில் போடப்பட்டவை. பியானோ சுருதி சேராதது, குழுவே அன்றைக்கு ஒன்றுசேராதது என்று எவ்வளவோ கேட்டிருக்கிறேன். கிடைக்காததாலேயே ஒன்றைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவதும், அரிதானது என்பதால் கொண்டாடுவதும் ஒரே தப்புதான்.

அப்புறம் ஹசான் இப்ன் அலி. பிலடெல்பியாக்காரர், பியானோ. எல்மோ ஹோப்பின் பாதிப்பு நிறைய உண்டு, 'ஹோப் ஸோ எல்மோ' என்று ஒரு பாடலே எழுதியிருக்கிறார். மாக்ஸ் ரோச் வற்புறுத்தி 1964 டிசம்பரில் அவரைப் பதிவு செய்ய வைத்தார். அட்லாண்டிக் வெளியிட்ட அந்த ரெக்கார்டுகூட ரோச் பெயரில்தான் வந்தது, 'தி லெஜண்டரி ஹசான்' என்று கூடவே ஒட்டி. பியானோவின் கட்டைகள் போதாமல் இன்னும் தேடுவது போன்ற வாசிப்பு. ஏழு பாடல்கள், ஏழும் அவருடையவை. 1965-இல் இரண்டாவது ரெக்கார்டையும் பதிவு செய்தார்கள். அவர் சிறைக்குப் போனதால் அட்லாண்டிக் அதைக் கிடப்பில் போட்டது. 1978-இல் நியூ ஜெர்சியில் இருந்த அட்லாண்டிக் கிடங்கு தீப்பிடித்தபோது அந்த டேப்புகளும் எரிந்தன. 1980-இல் ஹசான் இறந்தார். இருக்கும்வரை அவர் கையில் இருந்தது அந்த ஒரே ரெக்கார்டுதான்.

எங்கேயோ ஒரு நகல் பிழைத்திருந்தது. 2021-இல் 'மெட்டஃபிஸிக்ஸ்' என்ற பெயரில் வெளிவந்தது. அது கைக்கு வந்த அன்று உறையைப் பிரித்துவிட்டு ரொம்ப நேரம் போடாமலே வைத்திருந்தேன். 43 வருடம் சாம்பல் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த இசை. முதல் பாட்டிலேயே ஓடியன் போப்பின் டெனர் சாக்ஸபோன் ஒரு பக்கம் இழுக்க, ஹசானின் இடது கை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. ஒலியில் தேய்மானம் இருக்கிறது, அங்கங்கே மங்கலாகவும் இருக்கிறது. எல்லாம் முடிந்ததும் எழுந்துபோய், முதல் பக்கத்தைத் திருப்பி ஊசியை மறுபடி வைத்தேன்.