உணவு இடைவேளையில் உழவு

பண்ணை அருங்காட்சியக மாநாட்டில், ஏர் ஓட்டிக் காட்டும் எங்களை அரங்கத்துக்குள் பேசவிடாத விஷயத்தை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். "உங்களுக்குத்தான் மேடை கொடுத்தார்களே, இன்னும் என்ன?" என்று சிலர் இன்பாக்ஸில் கேட்ட பிறகு விட மனசு வரவில்லை.

மேடை கொடுக்கவில்லை. உணவு இடைவேளையைக் கொடுத்தார்கள்.

பழைய கால விவசாயத்தைச் செய்தே காட்டும் பண்ணை அருங்காட்சியகங்களின் ஊழியர்களுக்கான வட்டார மாநாடு அது. அரங்கத்துக்குள் நாள் முழுக்கப் 'பார்வையாளர் அனுபவம்' பற்றிப் பேச்சு. ஏர் ஓட்டிக் காட்டுவது மட்டும் வெளியே, எல்லோரும் தட்டோடு நிற்கும் நேரத்தில். நாங்கள் உழுதோம், அவர்கள் படம் எடுத்தார்கள். ஒரு கேள்விகூட வரவில்லை. மன்னிக்கவும், ஒன்று வந்தது: மாட்டுக்குப் பெயர் என்ன?

இரும்புக் கலப்பையில் மேழியை, அதாவது கைப்பிடியை, அழுத்தினால் மண்ணைக் கீறும் கொழு கீழே இறங்கும் என்றுதான் புதிதாகப் பிடிப்பவர் நினைப்பார். அழுத்தினால் அது மேலே வந்துவிடும். லேசாகத் தூக்கினால்தான் ஆழம் போகும். எனக்கு இதைக் கற்றுத்தந்த பெரியவர் வாயால் விளக்கவில்லை. என் கைமேல் கை வைத்துக் கூடவே நடந்தார். இடத்து மாடு தயங்கப்போவதை அதன் காதைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் ஓய்வு பெற்றபோது கைதட்டினார்கள், குரூப் போட்டோ எடுத்தார்கள். அவருக்குத் தெரிந்ததை ஒருவரும் உட்கார்ந்து எழுதி வைக்கவில்லை. அவர் பிடித்த கலப்பைக்கு மட்டும் அருங்காட்சியகப் பதிவெண் இருக்கிறது.

உழுவதும் அறிவுதான் ஐயா. அதை அரங்கத்துக்குள் பேசவிடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

"ஆய்வு செய்தவர்கள்தானே பேச முடியும்?" சரி. ஆய்வுக்கு நான் எதிரி இல்லை. அந்தக் காலத்தில் எந்த ரக விதை, எந்த அளவு நுகத்தடி என்று அவர்கள் தேடித் தருவதை வைத்துத்தான் எங்கள் வேலையே. ஆனால் அதைச் செய்து பார்க்கும்போது எங்களுக்கு வரும் சந்தேகங்களை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது? "நேரமில்லை" என்கிறார்கள். நம்புகிறேன். வரவேற்புரைக்கு இருந்த நேரத்தையும் பார்த்தேன். "பொறாமை" என்றவருக்குப் பதில் கிடையாது.

செய்து காட்டும் ஆட்களுக்கு இடம் கொடுப்பது புதிதும் இல்லை. ஆர்தர் ஹேசலியஸ் 1891இல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சன் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் திறந்தபோது பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து நிறுத்தியதோடு விடவில்லை. கால்நடைகளும் மரபு உடையில் ஆட்களும் அங்கே இருந்தார்கள். வட அமெரிக்காவில் 1970இல் தொடங்கிய பண்ணை அருங்காட்சியகச் சங்கம் தன் ஆண்டு மாநாட்டில் ஏர்ப் போட்டியே வைத்திருக்கிறது. (நான் போனது அவர்களுடைய மாநாடு இல்லை, சண்டைக்கு வராதீர்கள்.) 1994இல் அமெரிக்காவில், பழைய காலனி ஊரின் வாழ்க்கையை நடித்துக் காட்டும் அருங்காட்சியகமான கொலோனியல் வில்லியம்ஸ்பர்க்கில் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டினார்கள். எதிர்ப்புக்கு நடுவே கூட்டத்தின் முன் நின்றவர்கள் அங்கே வேலை செய்த கறுப்பின ஊழியர்கள். பார்வையாளர் அழுதாலும் கோபப்பட்டாலும் அது முதலில் வந்து விழுவது எங்களைப் போன்றவர்கள்மேல்தான். அப்புறம்தான் அனுபவம் பற்றிய பவர்பாயிண்ட் எல்லாம்.

பார்வையாளர் வரும் பருவம் முடிந்தால் எங்களில் பலருக்கு வேலையே இல்லை. அந்த மாநாட்டுக்கு வந்ததைக்கூட நாங்கள் விடுப்பாகத்தான் எழுதிக் கொடுத்தோம். அரங்கத்தில் பேசியவர்களுக்கு அது பணிநாள். இதற்கும் மாநாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கமெண்டில் கேட்கப்போகிறவர்கள், முதலில் அந்த நிகழ்ச்சி நிரலைத் தேடிப் படித்துவிட்டு வாருங்கள்.