பல்லில் இருந்த வார்த்தை

எங்க ஊர்ப் பக்கத்து ஆளை எந்த ஊரில் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம், அவர் சிரித்தால் போதும். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் போர் தண்ணி குடித்து வளர்ந்த என் வயதுக்காரர்களில் நிறைய பேருக்குக் காவிப் பல். எனக்கும்தான்.

இருபது வருசத்துக்கு முன்னால் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனேன். "ஆர் யூ புளூயன்ட் இன் இங்கிலீஷ்?" என்று கேட்டார்கள். கேள்வி புரிந்தது. ஆனால் வாயைத் திறந்தால் இங்கிலீஷ் வராது, பல் தெரியும். தலையை ஆட்டினேன். அது ஆமாமா இல்லையா என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. வேலை கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை, இந்தப் பக்கம் இங்கிலீஷ், அந்தப் பக்கம் தமிழ் அர்த்தம், மறுநாள் காலையில் டெஸ்ட். 'அபாண்டன்' என்றால் கைவிடு. அந்த ஒரு வார்த்தை மட்டும் இன்றுவரை மறக்கவில்லை, ஏனென்றால் அடுத்த மாதமே கிளாஸைக் கைவிட்டேன்.

எனக்கு இங்கிலீஷ் வந்தது வேறு வழியில். வேறொரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, தர்மபுரியிலிருந்து ஓசூருக்குக் கம்பெனி பஸ், கையில் போன். ஒருநாள் பல் டாக்டர் சீட்டில் 'டென்டல் புளூரோசிஸ்' என்று எழுதிக் கொடுத்தார். என் பல்லுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பஸ்ஸில் உட்கார்ந்து தேடினேன். சாதாரண ஜனங்களுக்காக எழுதிய ஓர் அறிவியல் கட்டுரை கிடைத்தது. அதில் இரண்டாவது வரியிலேயே பாறையிலிருந்து புளூரைடு தண்ணீருக்குள் 'லீச்' ஆகிறது என்று இருந்தது. எனக்குத் தெரிந்த லீச், அட்டை. கால்நடை வளர்க்கிற வீட்டுப் பையனுக்கு அட்டை தெரியாதா? பாறையில் எப்படி அட்டை வந்தது என்று பாலக்கோடு தாண்டும்வரை குழம்பிக்கொண்டே இருந்தேன். அப்புறம் பார்த்தால் மூன்றாவது எழுத்து 'ஈ' இல்லை, 'ஏ'. டீக்கடையில் மாஸ்டர் துணி வடிகட்டியில் தூளைப் போட்டு வெந்நீரை ஊற்றினால் சாறு இறங்குகிறதே, அதுதான் இந்த லீச். மழைத்தண்ணீர் பாறை இடுக்கில் இறங்கி, பல காலம் அங்கேயே கிடந்து, பாறையில் இருக்கும் புளூரைடைக் கரைத்துக்கொண்டு நம் போர்வெல்லுக்கு வருகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல்லின் எனாமல் உருவாகிற வயதில், அதாவது எட்டு வயதுக்குள், அதற்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் கறை. அப்புறம் எத்தனை பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

அந்த ஒரு கட்டுரையை ஒரு வாரம் படித்தேன். நாற்பது வார்த்தையாவது அதில் புதிது. ஒன்றைக்கூட மனப்பாடம் செய்யவில்லை, ஒன்றும் மறக்கவும் இல்லை. என் வாயைப் பற்றிய கட்டுரை அல்லவா.

இன்னொரு நாள் புளூரைடு என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். லத்தீனில் 'ஃபுளுவெரே' என்றால் ஓடு, வழிந்தோடு. உலோகத்தை உருக்கும்போது ஒரு வகைக் கல்லைச் சேர்த்தால் கலவை சீக்கிரம் இளகி ஓடும். 16-ம் நூற்றாண்டில் ஜெர்மனியின் கனிம அறிஞர் அக்ரிகோலா அந்தக் கல்லைப் பற்றி, ஓடு என்ற அந்த வேரிலிருந்தே பெயர் வைத்து எழுதினார். பிற்பாடு அந்தக் கல்லுக்குள் இருந்த தனிமத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது, புளூரின். அதைப் பிரித்தெடுக்கப் போய் உயிரை விட்டவர்கள் உண்டு. கடைசியில் 1886-ல் பிரான்சின் மொய்சான் பிரித்தார், 1906-ல் நோபல் வாங்கினார். அதே கல்லின் பெயரை வைத்து, சில பொருள்கள் ஒளிர்வதற்கு 1852-ல் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி 'ஃபுளூரசன்ஸ்' என்று பெயர் வைத்தார், நம் வீட்டு டியூப்லைட்டுக்கு அந்தப் பெயர்தான். புளூயிட் அந்த வேரிலிருந்து வந்தது. இன்ஃபுளுயன்சாவும். புளூயன்ட்டும்.

பஸ்ஸில் தனியாகச் சிரித்துவிட்டேன். அந்த இன்டர்வியூவில் என் வாயை மூடிய இரண்டும், பல்லின் புளூரோசிஸும் அவர் கேட்ட புளூயன்ட்டும், ஒரே வேரிலிருந்து வந்தவை.

இனி என் கருத்துக்கு வருகிறேன், சண்டைக்கு வருபவர்கள் வரலாம். நம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் தடுக்குவது கடினமான அறிவியல் வார்த்தைகள் இல்லை. தமிழ் மீடியத்தில் படித்தவனுக்கும் போட்டோசிந்தசிஸ் தெரியும், அது ஒளிச்சேர்க்கை. அவனைக் கவிழ்ப்பது 'டெஸ்பைட்', 'வேர்ஆஸ்', 'எஸ்டிமேட்', 'இண்டிகேட்' மாதிரி இடையில் வருபவைதான். பாடப்புத்தகத்தின் பின்பக்கச் சொல் பட்டியலில் இவை இருக்காது, தெரியும் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். நியூசிலாந்தில் ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற மொழி ஆய்வாளர் பல துறை எழுத்தையும் அலசி 2000-ல் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். கல்லூரி அளவிலான எழுத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு வார்த்தை அவற்றில் ஒன்றாம். மேலே சொன்ன நான்கும் அதில் உண்டு. (பட்டியலைத் திட்டிவிட்டு நானே பட்டியலைக் காட்டுகிறேன், தெரிகிறது. மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை.) வெகுஜன அறிவியல் கட்டுரைகளில் இவை பத்திக்குப் பத்தி வந்துகொண்டே இருக்கும். பத்தாவது முறை வரும்போது அகராதி தேவைப்படாது.

இன்னொரு லாபமும் உண்டு. 'மே காஸ்' என்றால் காரணமாக இருக்கலாம், அவ்வளவுதான். 'லிங்க்ட் டு' என்றால் தொடர்பு இருக்கிறது, அதனால்தான் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. இதை நம் வாட்ஸாப் மாமாக்கள் "விஞ்ஞானிகள் உறுதி" என்று மொழிபெயர்த்து அனுப்புவார்கள். 'தியரி' இன்னும் மோசம். பேச்சில் அது ஊகம், அறிவியலில் பல சோதனைகளில் தேறிய விளக்கம். இதெல்லாம் பிடிபட்ட பிறகு எங்கள் குடும்ப குரூப்பில் எனக்கு எதிரிகள் கூடிவிட்டார்கள்.

எடுத்த எடுப்பில் கருந்துளை பற்றிய கட்டுரைக்குள் போய் விழாதீர்கள். 100 வார்த்தைக்கு 98 தெரிந்தால்தான் துணையில்லாமல் படிக்க முடியும் என்று வாசிப்பு ஆய்வில் ஒரு கணக்கு உண்டு. அந்த 98 யாருக்கு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் வேலை செய்கிறவருக்கு காயைப் பழுக்க வைக்கும் வாயுவான எத்திலீன் பற்றிய கட்டுரை கொடுங்கள். ஒரு பழம் பழுத்தால் பக்கத்துக் காய் ஏன் பழுக்கிறது, கார்பைடு கல் வைப்பதை ஏன் தடை செய்தார்கள் என்று பாதி விஷயம் அவருக்கு முன்பே தெரியும். மீதிப் பாதிக்கு இங்கிலீஷ் தானாக வந்து உட்காரும். சந்தேகம் இருந்தால் 'மேங்கோ' என்ற வார்த்தையைப் பாருங்கள், நம் 'மாங்காய்' போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து போனதுதான்.

இப்படிப் படித்தால் பேச்சு வந்துவிடுமா? வராது. பேங்க் கவுன்டரில் சண்டை போட இன்றைக்கும் எனக்குத் தமிழ்தான். பேசுவதற்குப் பேசித்தான் ஆகவேண்டும்.

அக்கா மகள் ஆறாம் வகுப்பு. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு பிறந்தவள், பல் பால் மாதிரி இருக்கும். போன வாரம் நான் படித்துக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்து, "மாமா, இந்த லீச் அந்த அட்டையா?" என்றாள். டீக்கடைக் கதையைச் சொன்னேன். நேற்று அவள் நோட்டைப் புரட்டிய எங்கம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறார்: "ஏன் கண்ணு, இங்கிலீஷ் நோட்டுல எதுக்கு இவ டீத்தூள்னு எழுதி வச்சிருக்கா?"