வேங்கைக்கு ஒரு ஸ்டிக்கர்

(மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு சந்து. ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை. மிஷின் சத்தத்தை மீறிப் பேச வேண்டும் என்பதால் இங்கே எல்லாரும் சண்டை போடுவது போலத்தான் பேசுவார்கள். கம்ப்யூட்டர் முன்னால் முருகேசன். சுருட்டின போர்டைத் தோளில் சாத்தியபடி பாண்டி நுழைகிறார்.)

பாண்டி: அண்ணே, நேத்து ராவுல வாங்கிட்டுப் போன போர்டுல ஒரு சின்ன மாத்தம்.

முருகேசன்: எழுத்துப் பிழையா? நீ எழுதிக் குடுத்தபடிதானப்பா அடிச்சேன்.

பாண்டி: எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. விஷயந்தான் பிழை.

முருகேசன்: (விரித்துப் படிக்கிறார்) 'எதிரிகளைக் குலைநடுங்க வைத்து, குத்துச்சண்டையில் தங்கம் வென்று திரும்பும் அவனியாபுரத்து வேங்கையே வருக வருக.' இதுல என்ன கொற?

பாண்டி: வேங்கை வந்துருச்சு. தங்கம் வரல.

முருகேசன்: வெள்ளியா?

பாண்டி: மொத சண்டையே போச்சுண்ணே. ரெண்டாவது ரவுண்டுல ரெஃப்ரி நடுவுல பூந்து நிறுத்திட்டாரு.

முருகேசன்: போட்டி முடியாம போர்டு அடிக்காதன்னு அப்பவே சொன்னேனா இல்லையா?

பாண்டி: எங்கண்ணே சொன்னீக? 'ரெண்டா அடிச்சா ரேட்டு கொறையும்'னுதான் சொன்னீக.

முருகேசன்: சரி, விடு. எத்தன அடி?

பாண்டி: அத எங்கிட்டு எண்றது? மூஞ்சியில மட்டும் ஏழெட்டு இருக்கும்.

முருகேசன்: போர்டு எத்தன அடின்னு கேட்டேன்.

பாண்டி: பத்துக்கு எட்டு. வீட்டு மாடியிலதான் கட்டப்போறோம். ரோட்டுல வச்சா போலீசு வந்துரும். தூக்கிப் போட மனசில்லண்ணே, மேல ஸ்டிக்கர் ஒட்டிருவோம். வாசகம்கூட எழுதிட்டேன். 'உலக சாம்பியன் ராபர்டோ டூரானைப் போலத் தோற்ற எங்கள் மருமகனே வருக.'

முருகேசன்: யாருப்பா அந்தாளு?

பாண்டி: பனாமா நாட்டுக்காரரு. லைட்வெயிட் சாம்பியன். அந்த எடைப் பிரிவுக்கு வரம்பு 135 பவுண்டு, நம்ம கணக்குல 61 கிலோ சொச்சம். மருமகன் 60 கிலோ. ஏறக்குறைய ஒரே ஆளுதான?

முருகேசன்: ஒரு கிலோதான் வித்தியாசம், பெறகென்ன.

பாண்டி: 1972ல கென் புக்கானன்னு ஸ்காட்லாந்துக்காரரு சாம்பியனா இருந்தாரு. அவர நியூயார்க்குல வச்சு 13வது ரவுண்டுல முடிச்சுப் பட்டத்தப் பிடுங்குனவரு டூரான். கல்லுக் கைன்னே பட்டப்பேரு. அவரே 16 தடவ தோத்துருக்காருண்ணே!

முருகேசன்: ஜெயிச்சது?

பாண்டி: (தொண்டைக்குள்ளேயே) 103.

முருகேசன்: நம்ம பய ஜெயிச்சது?

பாண்டி: பள்ளிக்கூடத்துல ஒண்ணு. எதிராளி வரல.

முருகேசன்: 16ன்னு மொட்டையாப் போட்டா நம்ம ஊர்ல நக்கலடிச்சே கொன்னுருவாங்க. நல்ல தோல்வியா ஒண்ணு சொல்லு, படம் எடுத்து வச்சிருவோம்.

பாண்டி: மொத தோல்வியவே வைப்போம். அதே 72, நவம்பரு. அதுவரைக்கும் 31 சண்டை, ஒண்ணுகூடத் தோக்கல. எஸ்தபான் டி ஹெசூஸ்னு போர்ட்டோரிக்கோக்காரன் மொத ரவுண்டுலயே லெஃப்ட் ஹூக்குல உக்கார வச்சுட்டான். பத்து ரவுண்டு போயி பாயிண்டுல தோல்வி.

முருகேசன்: பட்டம் போயிருச்சா?

பாண்டி: அது பட்டத்துக்கான சண்டை இல்லண்ணே. பெறகு 74ல 11வது ரவுண்டு, 78ல 12வது ரவுண்டு, ரெண்டு தடவ அவனச் சாச்சுக் கணக்கத் தீத்துட்டாரு.

முருகேசன்: அப்ப லைட்வெயிட் சாம்பியனா இருந்த காலத்துல மொத்தமே ஒரு தோல்விதான்?

பாண்டி: ஒண்ணே ஒண்ணு. மத்த 15ம் எடைப் பிரிவு ஏறிப்போயி வாங்குனது.

முருகேசன்: நம்ம பய சொந்த எடையிலயே வாங்கிருக்கான். எதிராளி யாரு?

பாண்டி: மேலூர்ப் பய. பாக்க ஓணான் மாதிரி இருந்தான்ணே.

முருகேசன்: வேங்கைய ஓணான் அடிச்சிருச்சா? இது சரிப்படாது, வேற சொல்லு.

பாண்டி: அப்ப நியூ ஆர்லியன்ஸ்தான். நம்ம கதைக்குப் பொருந்தி வர்றதே அதுதான். 1980 ஜூன்ல மாண்ட்ரியால்ல சுகர் ரே லெனார்ட 15 ரவுண்டும் விடாம நெருக்கி ஜெயிக்கிறாரு டூரான். லெனார்டுக்கு அதான் மொத தோல்வி. ஊருக்குப் போனவரு விருந்துன்னா விருந்து, உடம்பு ஊதிப்போச்சு. நவம்பர்லயே நியூ ஆர்லியன்ஸ்ல மறு சண்டை. அவதி அவதியா எடையக் கொறச்சு, எடை பாத்து எறங்குன கையோட பெரிய பெரிய கறித்துண்டா உள்ள தள்ளிட்டாரு.

முருகேசன்: நம்ம ஆளு என்ன தின்னான்?

பாண்டி: (தயங்கி) ரெண்டு நாளா தண்ணிகூட ஒழுங்காக் குடிக்காம 60ல நின்னான்ணே. எடை பாத்து எறங்குனதும் 'மாமா பசிக்குது'ன்னான். புள்ள மூஞ்சியப் பாத்து மனசு கேக்கல. கறிதோச ரெண்டு.

முருகேசன்: அம்புட்டுத்தான?

பாண்டி: எண்ணெ பரோட்டா நாலு. பிச்சுப்போட்டு, சால்னாவ ஊத்தி, ஊற விட்டு...

முருகேசன்: முடிஞ்சுச்சா?

பாண்டி: ஜிகர்தண்டா. ஸ்பெசல்.

முருகேசன்: யோவ்! அவன அடிச்சது மேலூர்ப் பய இல்லய்யா, நீயி!

பாண்டி: டூரானும் வயித்துவலின்னுதான் சொன்னாருண்ணே. ஆனா சண்டையப் பாத்தா வேற மாதிரி இருக்கு. லெனார்டு கிட்ட நின்னாத்தான அடிக்க? சுத்திச் சுத்தி ஆடுறான். வலது கைய விசுக் விசுக்குன்னு சுத்திக் காட்டுறான். இவரு அதையே பாத்துக்கிட்டு இருக்கையில இடது கையில மூக்குல ஒண்ணு போடுறான். ஜனம் பூராம் சிரிக்கிது. எட்டாவது ரவுண்டு முடியப்போற நேரம், சட்டுன்னு திரும்பி, கைய ஆட்டிட்டு, போதும்னு ஒதுங்கிட்டாரு. 'நோ மாஸ்', ஸ்பானிஷ்ல 'இனி வேணாம்'னு சொன்னதா உலகமே சொல்லுது. நான் அப்பிடிச் சொல்லவே இல்லன்னு அவரு சாதிக்கிறாரு.

முருகேசன்: பாயிண்டுல ரொம்பப் பின்னாடி கெடந்தாரா?

பாண்டி: அதான் இல்ல. மூணு ஜட்ஜும் லெனார்டுக்கு ஒண்ணு ரெண்டு பாயிண்டுதான் கூடப் போட்டிருந்தாக.

முருகேசன்: அப்ப அடி தாங்காமப் போகலப்பா. சிரிப்பத் தாங்காமப் போயிருக்காரு. ரோசக்காரரு. ஆனா போர்டுல போட்டா 'வயித்துவலி வீரனே வருக'ன்னு வரும். உங்கக்கா வஞ்சு தீத்துரும்.

பாண்டி: 1984, லாஸ் வேகாஸ்? தாமஸ் ஹெர்ன்ஸ். ஆறடி ஒரு அங்குலம். இவரு அஞ்சடி ஏழு. மொத ரவுண்டுலயே ரெண்டு தடவ விழுந்து எந்திரிச்சாரு. ரெண்டாவது ரவுண்டுல வலது கையால ஒரே ஒரு போடு.

முருகேசன்: ரெண்டாவது ரவுண்டு நம்ம கணக்குக்குச் சேருது! படம் எப்பிடி இருக்கும்?

பாண்டி: குப்புறக் கெடப்பாரு.

முருகேசன்: முதுகப் போட்டு யாருன்னு எழுதுறது? இடமும் இல்ல. போர்டுல பாதிக்கு உன் படமே நிக்கிது.

பாண்டி: மார்வின் ஹாக்லர்? 83 நவம்பரு. ஹாக்லர் பட்டத்தக் காக்க எறங்குன சண்டையில 15 ரவுண்டு முழுசா நின்ன மொத ஆளு டூரான்தான். 13 ரவுண்டு வரைக்கும் பின்தங்கக்கூட இல்ல. கடைசி ரெண்டு ரவுண்டுலதான் கைவிட்டுப் போச்சு.

முருகேசன்: இது தோல்வி! இதுக்குத் தனியாவே போர்டு வைக்கலாம். நம்ம பய எத்தன ரவுண்டு நின்னான்?

பாண்டி: ஒண்ணே கால்.

முருகேசன்: (எழுதப்போன கையை எடுத்துவிடுகிறார்)

பாண்டி: கடைசித் தோல்வி 2001, ஹெக்டர் கமாச்சோ. டூரானுக்கு அப்ப 50 வயசு. 16ல ஏழு தோல்வி நாப்பதத் தாண்டி வாங்குனதுண்ணே.

முருகேசன்: அம்பதுலயா? எனக்கு அம்பது. இந்தக் கடை மச்சுப்படி ஏறுனா நடுவுல உக்காந்து எந்திரிக்கிறேன். அந்தாளு பேரெல்லாம் இதுல இழுக்காத பாண்டி, பாவம்.

(போன் அடிக்கிறது. முருகேசன் 'ம்... ம்... பத்துக்கு எட்டா? சாயங்காலமேவா?' என்று பேசிவிட்டு வைக்கிறார். முகத்தில் வியாபாரக் களை.)

முருகேசன்: மேலூர்லருந்து. உன் மருமகனச் சாச்சான்ல, அவன் சித்தப்பா. பய தங்கம் வாங்கிட்டானாம், அவசரமா போர்டு வேணுமாம். இதையே குடுத்துருவோமா? 'அவனியாபுரத்து' மேல 'மேலூர்'னு ஒட்டிருவேன். உன் மருமகன் மூஞ்சி மேல அவன் மூஞ்சி. வேங்கை அப்பிடியே இருக்கட்டும். பாதிக் காசு உனக்கு.

பாண்டி: (ரொம்ப நேரம் யோசிப்பது போல நின்று, உடனே) சரிண்ணே.

முருகேசன்: உன் படத்த எதப்போட்டு மறைக்கன்னுதான் தெரியல. கூலிங்கிளாஸ் போட்டு ஆளுயரத்துக்கு நிக்கிற.

பாண்டி: அதுல மட்டும் கைய வைக்காதீகண்ணே. ஃபேஷியல் பண்ணிட்டு எடுத்த படம்.

முருகேசன்: ஏம்ப்பா, அவன் ஜெயிச்ச போர்டுல நீ எதுக்கு?

பாண்டி: கறிதோச யாரு காசுண்ணே?