டயப்பருக்கு பிரான்ஸ்ல தடை எதுவும் போடல
2019ல பிரான்ஸ் டிஸ்போசபிள் டயப்பரையே பேன் பண்ணிடுச்சுன்னு போட்டிருக்கீங்களே ப்ரோ, அப்படி ஒண்ணும் நடக்கல. அந்த ஜனவரில ‘ஆன்செஸ்’ங்கிற அவங்க அரசு அமைப்பு கடைல விக்கிற டயப்பரை டெஸ்ட் பண்ணி, ஃபார்மால்டிஹைடு, டையாக்ஸின், வாசனை கெமிக்கல்னு கண்டுபிடிச்சு, சிலது பாதுகாப்பு அளவைத் தாண்டுது, குறைங்கன்னு கம்பெனிகளுக்கு சொன்னாங்க, அவ்ளோதான், அதுவும் குழந்தைக்கு நோய் வந்ததா எந்த ஆதாரமும் இல்லன்னு அதே ரிப்போர்ட்லயே இருக்கு (அதை மட்டும் யாரும் ஃபார்வர்ட் பண்ண மாட்டாங்க). அப்புறம் 2020ல ஐரோப்பா முழுக்க இந்த கெமிக்கலுக்கு லிமிட் வைக்கணும்னு பிரான்ஸ் கேட்டுச்சு. 2021ல ஐரோப்பிய கெமிக்கல் ஏஜென்சியோட ரிஸ்க் கமிட்டி, ஆபத்து நிரூபணமாகலன்னு சொல்லி ஆதரிக்கல. அதுக்காக எல்லாம் சுத்தம்னும் நான் சொல்லல, வாசனை போட்டதை வாங்காம இருக்கலாம், பெர்ஃப்யூமையே எடுத்துடுங்கன்னு ஆன்செஸே சொன்னதுதான்.